தரையைத் தொட்ட பிறகு

ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் எடுத்து, "அப்புறம் பேசுவா" என்கிறான். அந்த அப்புறம் எப்போது என்று கேட்டால் மூக்கை உறிஞ்சுகிறான். பதில் தெரியாத கேள்விக்குச் சின்ன வயதிலிருந்து அவன் சொல்கிற பதில் அதுதான். அதனால் எழுதுகிறேன். பகலெல்லாம் அச்சகத்தில் ஊரார் எழுதியதைத் திருத்துகிறவர் நீங்கள். இதையும் சிவப்புப் பேனாவோடு படித்தாலும் எனக்குச் சம்மதம்.

அன்று "என்னடி பண்ணினே" என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

மருத்துவரிடம் ஒரு மாதம்கூட நிறையாத நம் பொடியனைக் காட்டிவிட்டு மத்தியானம் திரும்பினோம். அண்ணன் சொட்டு மருந்து வாங்கப் போனான். நீங்கள் குளிக்கப் போனீர்கள். கைப்பிடி வைத்த அந்தக் குழந்தைக் கார் சீட்டை, காரில் மாட்டியிருந்த அடித்தட்டிலிருந்து கழற்றி, உள்ளே தூங்குகிறவனோடு இரண்டு மாடி தூக்கி வந்தது நான். படியில் ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. அவன் கண் திறக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறேன். கம்பிக் கட்டு, செங்கல் தட்டு, சில நாள் முழுச் சுவரே தொங்கும். எது தொங்கினாலும் சட்டம் ஒன்றுதான். சரக்கு தரையைத் தொட்டதும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கமாகவே விட்டால், மேலே காற்றில் கிரேனின் கை அசையும்போது கயிறு சரக்கை இழுத்துக்கொண்டு போய்க் கீழே நிற்பவர் காலில் போடும். ஆறு வருடமாக, ஒரு நாளைக்கு எழுபது எண்பது முறை, தொட்டதும் தளர்த்தி வருகிறேன். இது இப்போது என் யோசனையில் இல்லை, கையில் இருக்கிறது.

இருக்கையைக் கட்டில் மேல் வைத்தேன். தொட்டுவிட்டது. என் கை போய், வார்களைச் சேர்த்துப் பிடிக்கும் மார்பு கிளிப்பைத் திறந்தது, தோள் வாரை நாலு விரல் இளக்கியது. அவனுக்கும் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன் அண்ணி. எழுந்து போகவில்லை, போனை நோண்டவில்லை. இவ்வளவு அமைதியாக ஒருத்தன் தூங்க முடியுமா என்று வியந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஈரத் தலையோடு வந்தீர்கள். வாசல்படியிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சறுக்கி இறங்கியிருந்தான். தாடை மார்பில் புதைந்திருந்தது, வார் கழுத்துக்கு வந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. அறுபது மீட்டரிலிருந்து ஒரு விரல் சாய்வைக் கண்டுபிடிக்கிற எனக்கு, ஒரு முழம் தள்ளி இருந்தது தெரியவில்லை.

நீங்கள் அவனை உருவி எடுத்துத் தோளில் போட்டதும், அவன் அழுததும், அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதும் எல்லாம் நினைவில் இருக்கிறது. "இனிமே என் பிள்ளையைத் தொடாதே." மறுத்துப் பேச இதை எழுதவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரே ஒரு வரி போடுங்கள், போதும்.

சின்னு


பிப்ரவரி 5

சின்னுவுக்கு,

நன்றாக இருக்கிறான். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். பாதிப்பு எதுவும் இல்லை என்றார்கள். எடை மூன்று கிலோவைத் தாண்டிவிட்டது. ஐந்து வாரம் முந்திப் பிறந்தவனுக்கு அது நல்ல எடையாம்.

உன் அண்ணன் என்னைப் பேசச் சொல்கிறார். பேசினால் என் குரல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தக் கடிதமே நாலாவது படி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் பதினைந்தில் நான் வேலைக்குத் திரும்புகிறேன். அன்றிலிருந்து ஆறு மாதம் நீ நீண்ட விடுப்பில் இங்கே வந்து பகலில் அவனைப் பார்த்துக்கொள்வதாகப் பேசியிருந்தோம். அது வேண்டாம். வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம். உன் மேலாளரிடம் சொல்லிவிடு. இப்போதைக்கு நீ இங்கே வரவும் வேண்டாம்.

நீ கேட்டது ஒரு வரி. நான் முக்கால் பக்கம் எழுதிவிட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. வரவில்லை. மேலாளரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ என்று நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். முக்கால் பக்கத்துக்கு நன்றி.

இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக. இங்கே பெரிய மருத்துவமனையில் வண்டி நிறுத்தும் இடத்தில், சனிக்கிழமை காலைகளில் ஒரு பெண் கார் சீட்டுகளைச் சோதித்துச் சரியாகப் பொருத்தித் தருகிறாள். என் வயதுதான் இருக்கும். தலையில் தொப்பி, வாயில் சூயிங்கம். ஆறு கார் வரிசையில் நின்றது. நான் நடந்து போய் ஏழாவதாக நின்றேன்.

"வண்டி எங்க?"

"இல்லை."

"குழந்தை?"

"வேற ஊர்ல இருக்கு."

"சீட்டாவது கொண்டு வந்தீங்களா?"

"அதுவும் இல்லை."

சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள். "அப்ப நான் எதைப் பொருத்தணும்?"

நடந்ததைச் சொன்னேன். அங்கே வைத்து, அத்தனை பேருக்கு நடுவில். அவள் உச்சுக்கொட்டவில்லை, திட்டவும் இல்லை. தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து மணல் அடைத்த ஒரு பொம்மையை எடுத்து என் கையில் போட்டாள். இரண்டரைக் கிலோ. தலையைத் தனியாக, தொளதொளவென்று தைத்திருக்கிறார்கள். பொம்மையின் தலை என் உள்ளங்கையிலிருந்து வழிந்து பின்னால் போனது. உடனே இன்னொரு கையால் தாங்கினேன். பிறந்த குழந்தையின் உடம்பில் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான், அதைத் தாங்கக் கழுத்து இன்னும் தயாராகவில்லை, உள்ளே மூச்சுக்குழாய் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுகூட இல்லை என்றாள். ஸ்ட்ராவை மடக்கினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை.

பிறகு பொம்மையை ஒரு சீட்டில் வைத்துக் காரில் மாட்டினாள். அடித்தட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் இருக்கிறது அண்ணி. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, என் கேபினிலும் ஒன்று இருக்கிறதே, அதேதான். குமிழி நடுவில் நின்றால் இருக்கை சரியான சாய்வில் இருக்கிறது, தலை பின்னால் சாய்ந்து கிடக்கும் என்று அர்த்தம். எத்தனை பெரிய பாரத்துக்கு வைக்கிற கருவியை எத்தனை சின்ன உயிருக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழியை விட்டு எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. உங்கள் காரிலும் அது இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அதே இருக்கையைக் கழற்றி ஒரு மெத்தைத் துண்டின் மேல் வைத்தாள். கால்பக்கம் அமிழ்ந்து இருக்கை நிமிர்ந்துகொண்டது. வாரை நான் செய்ததுபோலவே இளக்கினாள். கொஞ்ச நேரத்தில் பொம்மை சறுக்கியது. தாடை மார்பில் விழுந்தது. வெறும் பொம்மை. அதற்கு மூச்சே கிடையாது. ஆனால் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் சட்டத்தை அவளிடம் சொன்னேன், தரையைத் தொட்டதும் தளர்த்துவது பற்றி. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இந்தச் சரக்கு தரையைத் தொட்டாலும் இறங்கினதாக் கணக்கு இல்லைங்க. அதுக்குள்ள இருக்கிற வரைக்கும் கட்டு இறுக்கமாத்தான் இருக்கணும். கட்டை அவிழ்த்தா அதே கையோட பிள்ளையை வெளிய எடுத்துரணும், எடுத்து மல்லாக்கச் சமமா படுக்க வெச்சிரணும். நடுவுல ஒரு நிலைமை கிடையாது."

நான் அந்த நடு நிலைமையில்தான் அவனை விட்டிருந்தேன்.

இன்னொன்று. அண்ணன் அனுப்பிய படத்தில் பொடியன் பஞ்சு வைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு சீட்டில் இருக்கிறான். கோட்டுக்கு மேல் வாரை எவ்வளவு இழுத்தாலும் இறுக்கம் பொய்தான், வண்டி மோதினால் பஞ்சு அமுங்கி வார் தொளதொளத்துவிடும் என்கிறாள். சாதாரண உடுப்பில் கட்டிவிட்டு, கட்டுக்கு மேல் போர்வை போடச் சொல்கிறாள். உங்களுக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சின்னு


பிப்ரவரி 21

சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. யார் யாருக்குச் சொல்லித்தருவது என்று மேஜையில் போட்டுவிட்டேன். மாலையில் எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

குமிழி நடுவில் இல்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்தட்டை அசைத்துப் பார்த்தேன், ஒரு கை அகலம் நகர்ந்தது. ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. தோள் வார் அவன் தோளுக்கு மேலே உள்ள துளையிலிருந்து வந்தது. பின்பக்கம் பார்த்து உட்காருகிறவனுக்கு அது தோள் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டுமாம். உன் அண்ணனைக் கூப்பிட்டேன். "நான் மாட்டினா யாரும் குறை சொன்னதில்லையே" என்றார். இதற்கு முன்னால் இவர் எத்தனை மாட்டினார் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சினார்.

பிறகு பின்சீட்டில் முழங்காலிட்டு, அடித்தட்டின் மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு பெல்ட்டை இழுத்தார். முக்கால் மணி நேரம். சட்டை முழுக்க வியர்வை. கடைசியில் குமிழி அசைந்து அசைந்து நடுவுக்கு வந்து நின்றது. ஒரு துளிக் காற்று அதற்குரிய இடத்தில் நிற்பதைக் கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன தொலைந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோட்டை எடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அவன் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை, தெரியுமா? ஓட்டமாகப் பத்துப் பன்னிரண்டு மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம். நாலு நொடி, ஐந்து நொடி. பிறகு எதுவுமே நடக்காததுபோல மறுபடி தொடங்குகிறான். முன்கூட்டிப் பிறந்தவர்களிடம் இது சாதாரணம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் இன்னும் சாதாரணமாகவில்லை. எவ்வளவோ படித்திருக்கிறேன் சின்னு. கடல், மலை, நட்சத்திரம், கடவுள் என்று மனிதர்கள் எதன் முன்னால் வாயடைத்து நின்றார்கள் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்த ஐந்து நொடி முடிந்து அவன் விலா எழும்பும்போது எனக்கு ஏற்படுவதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அடுத்த மூச்சை விட அவனுக்கு யார் சொல்கிறார்கள்?

அவன் பிறந்த மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை வைத்தார்கள். அவனை நம் கார் சீட்டில் உட்காரவைத்து, காலிலும் மார்பிலும் கம்பி ஒட்டி, மூச்சும் நாடியும் சீராக இருக்கிறதா என்று ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்தார்கள். தேறிவிட்டான். இரண்டரை வாரக் குழந்தை எழுதிய முதல் பரீட்சை என்று உன் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அலைந்தார். செவிலி அப்போது இன்னொன்றும் சொன்னாள். இது பயணத்துக்கு மட்டும் தேறியதாக அர்த்தம் என்றாள். நான் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் வராது போலிருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

குமிழி நடுவுக்கு வந்ததை அண்ணன் எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். பிள்ளை படத்தைவிடத் தெளிவாக எடுத்திருக்கிறான்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரும்போது வரட்டும்.

இங்கே ஒரு மாற்றம். இந்த வாரத்திலிருந்து நான் கீழே இருக்கிறேன். அண்ணனுக்கு இதைச் சொல்ல வேண்டாம், குடும்பமே சேர்ந்து மூக்கை உறிஞ்சும். நடந்தது இதுதான். சரக்கு கீழே இறங்கும். கீழே நின்று சரக்கைக் கட்டி அவிழ்க்கிறவர் வாக்கிடாக்கியில் "தொட்டாச்சு, விடு" என்பார். என் கை போகாது. உண்மையாகவே தொட்டுவிட்டதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு நினைப்பு வரும். செங்கல் தட்டுக்குள் யார் இருப்பார்கள்? எனக்கும் தெரிகிறது. ஆனால் கை நிற்கிறது. மூன்று நொடி, நாலு நொடி. கீழே இருப்பவர்களுக்கு அது ரொம்ப நேரம். "மேல தூங்கிட்டியா தாயே" என்று முதலில் கேலி பண்ணினார்கள். செவ்வாய்க்கிழமை காற்று அடித்தது. கயிறு இறுக்கமாக இருந்ததால் கம்பிக் கட்டு நகர்ந்து ஒருத்தர் காலணி நுனியை உரசிக்கொண்டு போனது. நுனியைத்தான். அதற்கு மேல் யாரும் கேலி பண்ணவில்லை.

மேலாளர் நல்ல மனுஷன். "வேலை எங்கேயும் போகாது, கொஞ்ச நாள் கீழே நின்னு கட்டுப் போடு" என்றார். வேலை போகவில்லை, உயரம்தான் போனது. நிமிர்ந்து பார்த்தால் என் கண்ணாடிப் பெட்டியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைப் படித்து நீங்கள் பாவப்பட வேண்டாம். நான் செய்ததற்கு நான் இறங்கியிருக்கிறேன். முறைதான்.

பொடியன் இப்போது எத்தனை கிலோ?

சின்னு


மார்ச் 6

என் சின்னுவுக்கு,

முறை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் தொட்டிலில் தூங்க மாட்டேன் என்றான். முதுகு பட்டால் போதும், வீல் என்று கத்துவான். கார் சீட்டில் மட்டும் தூங்கினான். வீட்டுக்கு வந்த அன்றே, காரிலிருந்து தூக்கி வந்தவனை எழுப்ப மனசு வராமல் அதிலேயே விட்டேன். மறுநாளும் விட்டேன். நீ அவனைக் கட்டிலில் வைத்த அந்த நாள்வரை பதினோரு நாள் அவன் தூங்கியதில் பாதிக்கு மேல் அந்த இருக்கையில்தான். சோபாவில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில், அச்சகம் வீட்டுக்கு அனுப்பிய ப்ரூஃப் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். அவன் ஒரு தடவை காலை உதைத்தபோது இருக்கை மேஜை விளிம்புப் பக்கம் நகர்ந்தது. கையால் தள்ளிவிட்டு, அடுத்த வரியைப் படித்தேன். மார்பு கிளிப்பை நானும் திறந்துதான் வைப்பேன். அழுத்துமே என்று.

உனக்கு நினைவிருக்கும். நீ வந்த அன்று மாலை, அவன் அதில் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "இதுலயே தூங்கலாமா அண்ணி?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கும். "தூங்குறான்ல, விடு" என்றேன்.

கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம், கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் இருக்கிறது. சேரும் இடம் சேர்ந்ததும் குழந்தையை வெளியே எடுக்கவும், காருக்கு வெளியே தூங்க வைக்கப் பயன்படுத்த வேண்டாம், உயரமான இடத்தில் வைக்க வேண்டாம் என்று மூன்று வரி. நான் அந்தக் கையேட்டை முழுக்கப் படித்தவள். இரண்டு எழுத்துப் பிழைகூடக் கண்டுபிடித்து உன் அண்ணனிடம் காட்டிச் சிரித்தேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்டம் போட்ட எச்சரிக்கைகள் எல்லாக் கையேட்டிலும் ஒரே அச்சில் வரும், அவற்றை யாரோ முன்பே திருத்தியிருப்பார்கள். அதனால் கட்டத்தைக் கண்டால் கண் தானாகத் தாண்டிப் போகும். எட்டு வருடமாகத் தாண்டி வருகிறேன். உனக்குக் கையில் இருந்தது எனக்குக் கண்ணில் இருந்தது.

அன்று வாசல்படியிலிருந்தே எனக்குத் தெரிந்தது என்று எழுதியிருந்தாய். எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவில்லை. அந்தக் கோலத்தில் அவனை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன் சின்னு. இரண்டு தடவையோ மூன்று தடவையோ, தாடை தாழ்ந்து கிடக்கும்போது விரலால் நிமிர்த்தி விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அன்று உதட்டைப் பார்த்த நொடியில் அந்தப் பதினோரு நாளும் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. நான் உன்னைப் பார்த்துக் கத்தியது அதனால்தான். பிறகு எல்லோரிடமும் சின்னு இளக்கிவிட்டாள் என்று சொன்னேன். பொய் இல்லை. அதனால்தான் சொல்வது சுலபமாக இருந்தது.

நேற்று உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிலுக்குப் போய் அவன் தாடையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அவகிட்ட சொன்னியா?" என்றார்.

அந்தப் பதினோரு நாளும் யாரும் அவனைக் காப்பாற்றவில்லை என்பதுதான் இப்போது எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நான் ப்ரூஃப் படித்தேன், துணி மடித்தேன், கண் அயர்ந்தேன். மடங்கிய கழுத்தோடு, அந்த ஸ்ட்ரா அளவு வழியில், ஒவ்வொரு மூச்சையும் அவனே தேடி எடுத்திருக்கிறான். இவ்வளவு சின்னவனிடம் இவ்வளவு பிடிவாதத்தை யார் வைத்தது? அவனை நிமிர்ந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அவன் என் முழங்கை நீளம்தான் இருக்கிறான்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய். அதனால் எழுதவில்லை. கோபப்பட வேண்டுமானால் நிறைய நாள் எடுத்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், இது நாள் குறித்த விஷயம் என்பதால். மார்ச் இருபத்துநாலு அன்று, உன் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் அவன் நுரையீரலைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். உன் அண்ணனுக்கு அந்த வாரம் வெளியூர் வேலை. நான் அவனோடு ரயிலில் வருகிறேன். இருக்கையையும் கொண்டு வருவேன். அடித்தட்டைப் பார்சலில் முன்னதாக அனுப்புகிறேன். ஸ்டேஷனிலிருந்து எங்களை ஓட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். வாடகை வண்டி கிடைக்கும், தெரியும். நீ ஓட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

அண்ணி

நாலு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.


மார்ச் 13

அண்ணிக்கு,

கோபம் வந்தது. நாலு நாள் இருந்தது. வேலை இடத்தில் ஒரு சிமென்ட் மூட்டையை உதைத்தேன், கால் வீங்கியிருக்கிறது.

அன்று மாலை "விடு" என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. முதல் கடிதத்திலேயே ஒரு பத்தி எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் அதில் உண்டு என்று எழுதிவிட்டால், பிறகு உங்களுக்கு உங்கள் கை மேலேயே பயம் வந்துவிடும் என்று தோன்றியது. பகல் முழுக்க அவனோடு தனியாக இருப்பது நீங்கள். ஒருத்தி பயந்தால் போதாதா? ஆனால் நீங்கள் சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது முதலில் அதைத்தான் தேடினேன். தேடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு மட்டும்தான் உண்மை சொல்லத் தெரியுமா என்ன.

வாரை இளக்கினது நான். அது அப்படியேதான் இருக்கும். நீங்கள் எழுதியதால் அது குறையவில்லை. ஆனால் அதை இப்போது இரண்டு பேர் தூக்குகிறோம். இரண்டு கயிற்றில் தொங்குகிற சரக்கு சுற்றாது.

அடித்தட்டு வந்து சேர்ந்தது. எங்கள் ஃபோர்மேன் தன் காரைத் தருகிறார். பின்சீட்டு நடுவில் மாட்டியிருக்கிறேன். சூயிங்கம்காரி சனிக்கிழமை வந்து பார்த்தாள். பிடித்து ஆட்டினாள், அசையவில்லை. "இந்தத் தடவை வண்டி இருக்கு, சீட்டு பாதி இருக்கு. அடுத்த தடவை குழந்தையும் கொண்டு வந்துருவீங்க போல" என்றாள்.

இருபத்துநாலு அன்று நான் ஓட்டுகிறேன். ஓட்டுவது மட்டும்தான். அவனைக் காரில் வைப்பது, எடுப்பது எல்லாம் நீங்கள் செய்யுங்கள்.

சின்னு


மார்ச் 26

சின்னுவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். ரயில் முழுக்க அவன் என் மடியில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். வெளிச்சத்தைப் பார்த்துச் சலித்துப்போக நமக்கு எத்தனை வருடம் பிடித்திருக்கும்?

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன், நமக்கு இப்போது இதுதான் வசதியாகிவிட்டது.

நீ இவ்வளவு மெதுவாக ஓட்டுவாய் என்று எனக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் முந்திப் போகும்போது தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டார். "அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தாய். நான் பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனைப் பார்த்ததைவிட உன் பிடரியை அதிகமாகப் பார்த்தேன். அரை மணி நேரமும் அந்தத் தோள் இரண்டும் இறங்கவே இல்லை.

மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தினாய். சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாய். நானும் இறங்கி நின்றேன். உனக்கு அது நான் யோசிக்கிற நேரமாகத் தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. பயந்துகொண்டிருந்தேன். உன்னைப் பற்றிய பயம் இல்லை. "எடு" என்று சொன்னால் நீ முடியாது என்று சொல்லிவிடுவாயோ என்று.

"சின்னு, நீ எடு" என்றேன்.

மார்பு கிளிப், பிறகு கீழே சிவப்புப் பொத்தான், பிறகு ஒவ்வொரு கையாக வாரிலிருந்து விடுவித்தாய். தலைக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. அவிழ்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. அவன் விழித்தான். அழவில்லை. உன் தாடையைப் பார்த்தான், முன்னெப்போதும் யாருக்கும் தாடையே இருந்ததில்லை என்பதுபோல.

வரிசையில் நாற்பது நிமிடம். நான் தூக்கி வந்த காலி இருக்கை தரையில் கிடந்தது. வரவேற்பில் இருந்த பெண், கை வலிக்குமே, அதில் வைத்துக்கொள்ளலாமே என்றாள். அது காருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டாய், இன்னொரு வார்த்தை சேர்க்கவில்லை. உன் முன்கை நீளத்துக்கு அவன் நீட்டிப் படுத்திருந்தான். கையை நீ மாற்றவே இல்லை.

மருத்துவர் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் நான் கேட்க நினைத்தேன், நீ கேட்டுவிட்டாய், நாங்களும் அந்த மூச்சைக் கேட்கலாமா என்று. அவர் சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை உன் காதில் மாட்டினார். உன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். பிறகு நான் கேட்டேன். பெரிய காற்று சின்ன இடத்தில் வீசுவதுபோல இருந்தது. ஒரு முழுப் பருவக்காற்று அந்த உள்ளங்கை அகல மார்புக்குள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்து நாம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றோம்.

வேறு ஏற்பாடு எதுவும் நாங்கள் செய்யவில்லை. செய்துகொள்கிறோம் என்று கோபத்தில் உனக்கு எழுதியதோடு சரி. நீ மேலாளரிடம் இன்னும் சொல்லாமல் இருந்தால், சொல்லாதே.

ஏப்ரல் பதினைந்து காலை எட்டு மணிக்கு நான் கிளம்ப வேண்டும். முந்தின நாளே வந்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் ஏழரைக்காவது வந்து சேர்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

திங்கட்கிழமை மேலே ஏறினேன். மேலாளர் கேட்கவில்லை, நானே கேட்டு ஏறினேன். முதல் சரக்கு இறங்கும்போது கை நின்றது. கீழேயிருந்து "தொட்டாச்சு" என்றார்கள். இது செங்கல், அது அவன் என்று வாய்விட்டுச் சொன்னேன். வாக்கிடாக்கி திறந்திருந்திருக்கிறது. "செங்கல்தான் தாயே, சத்தியமா செங்கல்தான்" என்று பதில் வந்தது. தளர்த்தினேன். அதற்குப் பிறகு அறுபத்துமூன்று தடவை, ஒரு தடவையும் நிற்கவில்லை.

பதினாலாம் தேதி வரைக்கும் இங்கே வேலை இருக்கிறது. அன்று மாலை முடித்துவிட்டுக் கிளம்பினால் பதினைந்தாம் தேதி விடிந்ததும் உங்கள் ஊரில் இறங்குவேன். ஏழரை வேண்டாம் அண்ணி, ஏழுக்கே வந்துவிடுகிறேன். ஏழரைக்கு வந்தால் நீங்கள் பையைத் தேடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நடுவில் அவனை என் கையில் கொடுப்பீர்கள். அவனைக் கையில் வாங்க எனக்கு அரை மணி நேரம் வேண்டும்.

சின்னு